ஃபியூஸ் போகாத வாரம்

அந்த வாரம் முழுக்க மீட்டரில் ஃபியூஸ் போகவில்லை. தனுஷ்கோடிக்கு அதுதான் பயமாக இருந்தது.

அதற்கு முந்தைய மாதத்தில் ஃபியூஸ் போகாத நாள் குறைவு. மத்தியானச் சாப்பாடு முடிந்து பெண்கள் டெஸ்ட் ரூமுக்குத் திரும்பினால் போதும், கொஞ்ச நேரத்தில் ஒருத்தி வெளியே வந்து நிற்பாள்.

"வயர்மேனே, உங்க மீட்டரு படுத்திருச்சு."

அவன் தகர டப்பாவைத் தூக்கிக்கொண்டு போவான். மீட்டரின் முதுகில் இருக்கும் திருகு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் சின்னக் கண்ணாடிக் குழலை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பான். குழலுக்குள் தலைமயிர் மாதிரி ஓடும் கம்பி நடுவில் அறுந்திருக்கும். புதுக் குழல் போட்டால் மீட்டர் எழுந்துகொள்ளும். மறுநாள் மத்தியானம் மறுபடியும் வாசலில் ஒருத்தி வந்து நிற்பாள்.

விஸ்வநத்தத்துக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது கம்பெனி. எல்லையில் நடந்த சண்டை முடிந்த மறு வருஷம் அது. பட்டாளத்துக்காரர்களின் பயிற்சிக்கு வெடி செய்துகொடுக்கும் ஆர்டர் வந்திருந்தது. திரி கொளுத்தி வைக்கிற வெடி இல்லை. தூரத்தில் இருந்து கரண்ட் கொடுத்தால் வெடிக்க வேண்டும். அதற்காக ஒவ்வொரு வெடிக்குள்ளும் ஒரு மொட்டு வைத்தார்கள். மொட்டு என்று பேர் வைத்தது பெண்கள்தான். மிளகு அளவு மருந்து, மருந்துக்குள் மெல்லிய கம்பி, கம்பியின் இரண்டு முனையும் இரண்டு வாலாக வெளியே நீண்டிருக்கும். உள்ளே கம்பி அறுந்திருந்தால் அந்த வெடி வெடிக்காது. அதைப் பார்க்கத்தான் மீட்டர். மொட்டின் இரண்டு வாலையும் மீட்டரின் இரண்டு பித்தளைக் குமிழில் தொட்டால் முள் அசையும். அசைந்தால் நல்ல மொட்டு.

தொடும்போது மொட்டுக்குள் கொஞ்சம் கரண்ட் போகத்தான் செய்யும். ஆனால் மருந்துக்குச் சூடு தெரியாத அளவு. மீட்டருக்குள் ஏதாவது கெட்டுப்போய்க் கூடுதலாகப் பாயப் பார்த்தால், மருந்து சுடுவதற்கு முன்னால் ஃபியூஸ் அறுந்துவிடும். அந்தக் கண்ணாடிக் குழலுக்கு வேறு வேலை கிடையாது.

இரும்புக் குழாய்க்குள் மொட்டை வைத்துத்தான் வாலைத் தொட வேண்டும் என்பது விதி. குழாயில் வைத்து எடுத்தால் வேலை நகராது. பெண்கள் மொட்டை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, வாலை மட்டும் விரலால் நீட்டித் தொட்டார்கள். பார்த்து முடித்த மொட்டுகள் பக்கத்தில் தாம்பாளத்தில் குவிந்திருக்கும்.

மீட்டருக்கு முன்னால் உட்காருகிறவள் ராமுத்தாய். தனுஷ்கோடியின் பெண்டாட்டி.

அவன் சும்மா இருக்கவில்லை. முதலில் சுவரில் இருக்கும் பிளக்கைப் பிரித்துப் பார்த்தான். பிறகு வயரை முழ முழமாக வளைத்து நிமிர்த்தி, உள்ளே எங்காவது முறிந்திருக்கிறதா என்று தடவினான். சுவிட்சைக் கழற்றி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். கண்ணாடிக் குழல் கரிபிடித்துப் போயிருந்தால் உள்ளே எங்கோ இரண்டு கம்பி நேரடியாக உரசுகிறது என்று அர்த்தம். இந்தக் குழல்கள் கரி இல்லாமல் சுத்தமாக இருந்தன. கம்பி மட்டும் நடுவில் இளகி அறுந்திருந்தது. ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீட்டரை சைக்கிள் கேரியரில் கட்டித் திருத்தங்கலுக்குக் கொண்டுவந்தான். அவன் வீட்டில் கரண்ட் இல்லை. சண்முகவேல் டீக்கடையில் ரேடியோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை மாட்டினான். காலையில் இருந்து பொழுது சாயும்வரை மீட்டர் ஓடியது. ஃபியூஸ் போகவில்லை.

"எங் கடைக்கு வந்தா எல்லாம் ஒழுங்கா இருக்கும் மாப்ளே," என்றார் சண்முகவேல். "நீ வேணா கம்பெனிய இங்கன தூக்கிட்டு வந்துரு. சரி, ரேடியோவ மாட்டு. ஆளுக வந்து வந்து பாத்துட்டுப் போறாக."

திங்கள்கிழமை மத்தியானம் ஃபியூஸ் போனது.

அன்றைக்குத்தான் மேனேஜர் லட்சுமிகாந்தம் எல்லோர் முன்னாலும் பேசினார். விருதுநகர்க்காரர். அவர் சத்தம் போட மாட்டார். அதனால் அவர் பேசுவது எல்லோர் காதிலும் விழும்.

"ஏம்ப்பா தனுஷ்கோடி, மீட்டரு கெட்டிருக்கா, இல்ல ஒனக்கு வேல தெரியலையா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. மீட்டருன்னா மெட்ராசுக்கு அனுப்புறேன். நீன்னா விருதுநகர்ல வேற ஆளு இருக்கான்."

"பாத்துருவேங்கய்யா."

"ஒரு மாசமாப் பாக்குற. இன்னொரு தடவ படுத்துச்சுன்னா நீ பாக்க வேண்டாம்."

ராமுத்தாய் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் அவன் வயர் வாங்க சிவகாசிக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது வேலை விடும் மணி அடித்துவிட்டது. மீட்டர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ஃபியூஸ் போகவே இல்லை.

மேனேஜர் எதிரே வந்தபோது தலையை ஆட்டினார். நல்லது என்று அர்த்தம். தனுஷ்கோடியும் தலையை ஆட்டினான். அவன் எதையும் சரிசெய்யவில்லை. தகர டப்பாவில் மிச்சமிருந்த இரண்டு குழலும் அப்படியே கிடந்தன. காரணம் தெரியாமல் கெட்ட சாமான், காரணம் தெரியாமல் சரியாகியிருந்தது. ராத்திரி படுத்தால் அந்த நினைப்பு நெஞ்சில் உட்கார்ந்தது. பக்கத்தில் ராமுத்தாய் தூங்கினாள். தூக்கத்திலும் அவள் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டிக்கொண்டிருக்கும். வாலைப் பிடித்துப் பிடித்து வந்த பழக்கம்.

பங்குனி வெயில். அவன் சிவகாசிக்குப் போய்வந்த மறுநாளே கம்பெனிக் கிணறு வறண்டுவிட்டது. குடிப்பதற்கே தலைக்கு ஒரு செம்புதான். சாக்கு நனைக்கத் தண்ணீர் இல்லை. மருந்து புழங்குகிற ரூம்களில் தரையிலும் மேசையிலும் நனைத்த சாக்கு விரித்துத்தான் வேலை பார்ப்பார்கள். காய்ந்த சாக்கில் மருந்துத் தூசி பறக்கும். சேலை உரசினாலே பொறி தட்டும் என்ற பயம். எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு வேலை பார்த்தார்கள். பேச்சுக்கூட குறைந்துபோனது.

அடுத்த வெள்ளிக்கிழமை மத்தியானம் வாகை மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். ராமுத்தாய் தூக்குவாளியைத் திறந்தாள். கம்பஞ்சோறும் சுட்ட கருவாடும். மூடியில் அவனுக்குப் பிழிந்து வைத்தாள்.

"மோரு இல்ல," என்றாள். "எருமைக்கே தண்ணி இல்லயாம். மோருக்காரி வரல."

"இருக்கட்டும்."

கொஞ்ச நேரம் மென்றான்.

"மீட்டரு எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"முள்ளு ஆடுதா, நடுங்குதா?"

"நேராப் போய் நிக்குது. எதுக்கு இப்பப் போட்டுத் தொளைக்கிறீக? போகாட்டிச் சந்தோசப்படணும்லா."

"நான் ஒண்ணும் செய்யலயே ராமுத்தாய்."

"அது தானாச் சரியாயிருக்கும்."

"தானாச் சரியாக அது என்ன சளியா?"

அவள் கருவாட்டு முள்ளை எடுத்துத் தூர எறிந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேனேஜர் சொன்னதில் அவளுக்கு இன்னும் வருத்தம் என்று நினைத்துக்கொண்டான்.

மணி அடித்தது. பெண்கள் வாளியைக் கவிழ்த்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனார்கள். அந்த நேரத்தில் கேட்டுக்குள் தண்ணீர் வண்டி நுழைந்தது. வெம்பக்கோட்டையில் இருந்து வருகிறது. பீப்பாயின் அடியில் சொட்டிக்கொண்டே வந்த தண்ணீர் புழுதியில் கோடு போட்டிருந்தது. வண்டிக்காரர் முத்துக்கருப்பன் மாட்டைத் தட்டி நிறுத்தினார்.

"வாங்க மருமகனே. கண்மாயில சேறுதான் கெடக்கு. சேத்துக்கும் மேல இருந்ததக் கெஞ்சிக் கூத்தாடிக் கொண்டாந்திருக்கேன். கைகால் கழுவணும்னு எவளாவது வந்தா வண்டியத் திருப்பிருவேன்."

"எங்கிட்டு ஊத்தணும்?"

"மொத லோடு டெஸ்ட் ரூமுக்காம். மேனேஜரு சொல்லிட்டாரு. பட்டாளத்துக்காரனுக்குத் தாகமாம்."

டெஸ்ட் ரூம் பெண்களில் மூத்தவள் இருளம்மாள். அவள் இரண்டு குடத்தோடு வந்தாள். நிறைத்துக்கொண்டு போய்ச் சாக்கில் ஊற்றிவிட்டு மறுபடி வந்தாள். முகமே மாறியிருந்தது. ஒரு வாரமாகச் சிரிக்காதவள்.

"அப்பாடி, இப்பத்தான் உசுரு வந்துச்சு கொழுந்தனாரே. தரையில ஊத்தி, மேசையில ஊத்தி, மீட்டருக்கு அடியில சாக்குச் சொதசொதன்னு கெடக்கு. இனிமே பொறியும் கெடையாது ஒண்ணும் கெடையாது."

தனுஷ்கோடி அவள் கையில் இருந்த குடத்தைப் பார்த்தான். குடத்தின் அடியில் தண்ணீர் கோர்த்து ஒவ்வொரு சொட்டாக விழுந்தது.

மீட்டர் மரப்பெட்டி. பெட்டி சாக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. தினமும் சாப்பாடு முடிந்ததும் சாக்கை நனைக்கிறார்கள். மரம் தண்ணீரைக் குடிக்கிறது. உள்ளே டிரான்ஸ்பார்மர் அடிப்பலகையில் முடுக்கியிருக்கிறது. கரண்ட் ஈர மரத்தின் வழியாகக் கசிந்து பித்தளைக் குமிழுக்கு வருகிறது. ஃபியூஸ் போகிறது. டீக்கடையில் ஈரம் இல்லை, போகவில்லை. இந்த வாரம் தண்ணீர் இல்லை, போகவில்லை.

ஒரு மாதமாகத் தேடியது கிடைத்துவிட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது.

"மதினி, இன்னிக்கு மீட்டரு படுக்கும். நீங்க கூப்புட வேண்டாம், நானே வாரேன். பெட்டியச் சாக்குல இருந்து தூக்கி வெச்சாச் சரியாயிரும்."

"நீங்க எதுக்கு வரணும்? இனி எங்க படுக்க? அதுக்கெல்லாம் வைத்தியம் பாத்தாச்சு." அவள் குரலைத் தாழ்த்தினாள். "மேனேஜருகிட்டச் சொல்லிராதீக. நீங்க சிவகாசிக்குப் போனீகள்ல, அன்னைக்குப் படுத்துச்சு. மணி அடிக்கப் போற நேரம், ஒங்க டப்பாவும் ஒங்களோட போயிருச்சு. மேனேஜரு வந்தா ஒங்களத் தொலச்சிருவாருன்னு ஒங்க வீட்டுக்காரி மூடியத் திருகி, அறுந்த குழலு மேல ஈயத்தாளச் சுத்தி வெச்சுட்டா. சிகரெட்டுப் பெட்டிக்குள்ள இருக்குமே, அது. கெட்டிக்காரி. அன்னையில இருந்து கம்முனு கெடக்கு."

குடம் நிறைந்து வழிந்தது. முத்துக்கருப்பன் திட்டினார்.

ஈயத்தாள் அறுந்துபோகாது; கசிகிற கரண்ட் இனி நேராக மொட்டுக்குள் போகும். தனுஷ்கோடி நடக்க ஆரம்பித்தான்.

கம்பெனிக்குள் ஓடக் கூடாது. ஒருவன் ஓடினால் எங்கோ தீ என்று அர்த்தம். எல்லா ரூமில் இருந்தும் ஆட்கள் குதித்து ஓடுவார்கள். தட்டு கவிழும், மருந்து உரசும். கத்தவும் கூடாது. கத்தினால் ராமுத்தாய் திடுக்கிடுவாள். அவள் கையில் மொட்டு இருக்கும். விரல் நடுங்கி வால் குமிழில் படும்.

அதனால் நடந்தான். எப்போதும் நடக்கிற மாதிரி, கையை வீசி.

வண்டி நின்ற இடத்துக்கும் டெஸ்ட் ரூமுக்கும் நடுவில் வெயில் கிடந்தது. தரை வெறுங்காலைச் சுட்டது. ரூமுக்கு ரூம் இடைவெளி விட்டுக் கட்டியிருந்தார்கள். ஒன்று போனால் இன்னொன்று தப்பட்டும் என்று. அந்த இடைவெளி அவனுக்கு எப்போதும் நியாயமாகத் தெரிந்திருந்தது. இன்றைக்கு அது நீண்டுகொண்டே போனது. மருந்து ரூமில் இருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"என்ன வயர்மேனே, சாப்பாடு செரிக்கலயா?"

அவன் பல்லைக் காட்டினான். சிரிப்பு என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

மரம் ஊற எவ்வளவு நேரம் ஆகும்? எப்போதும் கொஞ்ச நேரம் ஆகும். ஆனால் ஒரு வாரம் காய்ந்த மரம். காய்ந்தது வேகமாகக் குடிக்கும். இல்லை, மெதுவாகவா? அவனுக்குத் தெரியவில்லை. காது டெஸ்ட் ரூம் பக்கமே இருந்தது. காக்கை கத்தியது. எங்கோ பெட்டிக்கு ஆணி அடிக்கிற சத்தம் கேட்டபோது சட்டென்று குனிந்தான். மரச் சுத்தியல். அவனுக்குத் தெரிந்த சத்தம்தான். நிமிர்ந்து நடந்தான்.

டெஸ்ட் ரூமின் சுவிட்ச் வெளிச்சுவரில் இருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே தெரிந்தது. ராமுத்தாய் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். இடது உள்ளங்கை மூடியிருந்தது. வலது கை விரல்கள் இரண்டு வாலையும் பிரித்து நீட்டிக்கொண்டிருந்தன.

அவன் கை சுவிட்சைக் கீழே இழுத்தது.

"என்னடி இது," என்றது உள்ளே ஒரு குரல். "முள்ளு செத்துப் போச்சு?"

"ராமுத்தாய்," என்றான் ஜன்னல் வழியாக. மெதுவாகத்தான் சொன்னான். "கையில இருக்கிறதக் கீழ வை. தாம்பாளத்துல வேண்டாம். தனியா வை. எல்லாரும் எந்திரிச்சு வெளிய வாங்க. ஒண்ணுமில்ல. மெதுவா வாங்க."

பெண்கள் வந்தார்கள். கடைசியாக ராமுத்தாய். அவன் உள்ளே போய், தாம்பாளத்தை இரண்டு கையிலும் ஏந்தி, மரத்தடி நிழலில் கொண்டுபோய் வைத்தான்.

"ஈயத்தாள் சுத்துனியா?"

அவள் முகம் வெளுத்தது. "நீங்கதான் சண்முகவேலண்ணன் கடை ரேடியோவுல செஞ்சீக. பொங்கல் அன்னைக்கு. நாந்தான் டப்பாவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். ஒரு நாளைக்கு ஓடட்டும்னீக. இப்பவரைக்கும் ஓடுதுல்ல?"

அவன் சுவிட்ச் கீழேயே இருக்கிறதா என்று மறுபடி பார்த்தான்.

வேலை நின்ற செய்தி மேனேஜருக்குப் போய்விட்டது. குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"யாரக் கேட்டு நிறுத்துன?"

"மீட்டருல பீசு இல்லங்கய்யா. ஈயத்தாள் இருக்கு. மொட்டு கையில வெடிச்சிரும்."

"ஒரு வாரமா வெடிக்கல. இப்ப வெடிச்சிருமாக்கும்?"

"இப்பத்தான் ஈரம் வந்திருக்கு. பாருங்கய்யா, காட்டுறேன்."

மீட்டரை இருந்த இடத்திலேயே விட்டான். நீள வயர் எடுத்துக் குமிழில் கட்டி, ஜன்னல் வழியாக வெளியே கொண்டுவந்தான். விதியில் இருக்கிற இரும்புக் குழாய், ரூம் மூலையில் நூலாம்படையோடு கிடந்தது. அதை மணல் வாளிக்குள் நட்டான். ஒரு மொட்டை உள்ளே இறக்கி, வாலை வயரில் முறுக்கினான். எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டான்.

ஒன்றும் ஆகவில்லை.

அணைத்துவிட்டு இன்னொரு மொட்டு வைத்தான். போட்டான். ஒன்றும் ஆகவில்லை.

லட்சுமிகாந்தம் குடையை மாற்றிப் பிடித்தார். "லோடு நாளைக்கு ரயில் ஏறணும்."

"ஊறட்டுங்கய்யா. இன்னும் கொஞ்சம்."

"நீ ஊறுறதுக்கெல்லாம் பட்டாளத்துக்காரன் காத்துக்கிட்டு இருப்பானா?"

யாரும் சிரிக்கவில்லை. தனுஷ்கோடி கண்ணை மூடிக்கொண்டு நின்றான். வெடிக்க வேண்டும் என்று வேண்டினான். வெடிக்கக் கூடாது என்றும் வேண்டினான். மூன்றாவது மொட்டை வைத்தான். போட்டான்.

பட்.

பெரிய சத்தமில்லை. குழாயின் வாயில் இருந்து ஒரு விரல் உயரத்துக்கு நெருப்பு வந்து போனது. பிறகு வெள்ளைப் புகை, நேராக மேலே.

இருளம்மாள் மரத்தடியில் இருந்த தாம்பாளத்தைப் பார்த்தாள். எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். ராமுத்தாய் தன் இடது உள்ளங்கையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள்.

மேனேஜர் குடையை மடக்கினார். வெயில் முகத்தில் அடித்ததை அவர் கவனிக்கவில்லை.

"யாரு வெச்சது?"

ராமுத்தாய் ஓரடி முன்னால் வந்தாள். அவள் வாய் திறப்பதற்குள் தனுஷ்கோடி சொன்னான்.

"நாந்தாங்கய்யா."

"ஒம் பொண்டாட்டி உக்கார்ற மீட்டருலயா?"

"ஆமாங்கய்யா."

லட்சுமிகாந்தம் அவனை வெகுநேரம் பார்த்தார். பிறகு ராமுத்தாயைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்ததா என்று சொல்ல முடியாது. இருளம்மாள் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

"மீட்டரச் சரிபண்ணி வெச்சுட்டுப் போ. நாளைக்கு வராத. சொல்லி அனுப்புனா வா."

தனுஷ்கோடி பெட்டியை வெயிலில் காயவைத்தான். பொழுது இறங்கும்போது அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தான். கரண்ட் கம்பத்துக்கு வாங்கி வைத்திருந்த பீங்கான் குமிழ் நான்கை எடுத்துப் பெட்டிக்குக் கால் மாதிரி அடியில் வைத்தான். ஈயத்தாளை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, டப்பாவில் இருந்த இரண்டு குழலில் ஒன்றை மாட்டினான். மற்றதை இருளம்மாளிடம் கொடுத்தான்.

"உள்ள இருக்கிறது போச்சுன்னா இத மாட்டச் சொல்லுங்க. இதுவும் போச்சுன்னா வேலய நிறுத்திருங்க. வேற ஒண்ணும் செய்யாதீக. குழாயில வெச்சுத் தொடுங்க மதினி."

"வேல நகராதே."

"நகர வேண்டாம்."

அவள் குழலை வாங்கி முந்தானையில் முடிந்தாள். "அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லிராதீக," என்றாள்.

அவன் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தான். ராமுத்தாய் பின்னால் வந்தாள். எப்போதும் கேரியரில் ஏறி உட்காருகிறவள். இன்றைக்கு அவனும் சொல்லவில்லை, அவளும் ஏறவில்லை. திருத்தங்கல் வரைக்கும் டயர் மண்ணில் உரசுகிற சத்தம்தான் கேட்டது. வழியில் ஒருமுறை அவள், "நாளைக்கு நானும் போகலங்க," என்றாள். அவன் சரி என்றான். கொஞ்ச தூரம் போன பிறகு, "போகாம என்ன செய்ய?" என்றாள்.

டீக்கடையில் வேலை விட்டு வந்தவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ரேடியோவில் சேதி ஓடிக்கொண்டிருந்தது. தனுஷ்கோடி சைக்கிளை நிறுத்திவிட்டு உள்ளே போனான். பிளக்கைப் பிடுங்கினான். சேதி பாதியில் நின்றது. ரேடியோவைத் திருப்பி முதுகு மூடியைக் கழற்றினான். அவன் பொங்கலுக்குச் சுற்றியது அப்படியே இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் கறுத்திருந்தது. சுடச்சுட இருந்தது. உருவி எடுத்தான்.

சண்முகவேல் பாய்லருக்குப் பின்னால் இருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் மாப்ளே, நல்லாத்தான பேசிக்கிட்டு இருந்துச்சு?"

"ஆமா மாமா. அதான்."

"அதான்னா? இப்ப வேற பீசு போடுறியா?"

"எங்கிட்ட இல்ல. வாங்கிட்டு வந்து போடுறேன். அதுவரைக்கும் சும்மா கெடக்கட்டும்."

பெஞ்சில் ஒருவன் முணுமுணுத்தான். தனுஷ்கோடி இரண்டு ஈயத்தாளையும் ஒன்றாகக் கசக்கி, பாய்லர் நெருப்புக்குள் போடப் போனான். பிறகு போடாமல் பைக்குள் வைத்துக்கொண்டான்.

வெளியே ராமுத்தாய் நின்றுகொண்டிருந்தாள். பேச்சு நின்றுபோன கடையை உள்வரைக்கும் பார்த்தாள். அவள் வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒட்டியிருந்தன. இடது கையால் அவற்றைப் பிடித்து மெதுவாகப் பிரித்தாள். விட்டதும் மறுபடி சேர்ந்துகொண்டன.